பக்கத்துலதான் கடல்!

காலாண்டுத் தேர்வு முடிகிற அன்று சாயங்காலம் பெருங்களத்தூரில் நின்று பார்த்தால், மெட்ராஸே காலியாகிறதோ என்று தோன்றும். கார், ஆம்னி பஸ், கிளாம்பாக்கத்துக்குப் பெட்டியும் படுக்கையுமாக ஜனத்தை ஏற்றிப் போகிற மாநகரப் பேருந்து, எல்லாம் தெற்கு நோக்கி. சொந்த ஊர் இருப்பவர்கள் ஊருக்கு. இல்லாதவர்கள் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ. அந்த இரண்டு மலைகளுக்கும் 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் பயணம் செய்து, மலைப்பாதையில் வண்டிக்குப் பின்னால் வண்டியாக நின்று, ஏரியில் அரை மணி நேரம் படகில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்து, களைப்பு தீர இன்னொரு நாள் லீவு போடுகிறோம்.

தாம்பரத்திலிருந்து கிழக்கே நேர்கோடு போட்டால் பதினைந்து கிலோமீட்டருக்குள் வங்காள விரிகுடா. ஜி.எஸ்.டி. ரோட்டுக்காரர்களுக்கு இது ஞாபகத்திலேயே இருப்பதில்லை. 1931இல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து நம் மனசில் இருக்கிற வரைபடம் வடக்கு–தெற்காகவே இருக்கிறது. குடியிருப்பதோ சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர், பீர்க்கன்காரணை என்று ஏரிக்கரை ஊர்களில். தண்ணீர் என்றால் டிசம்பரில் வாசற்படி ஏறி வருவது என்றுதான் இங்கே பிள்ளைகளுக்குத் தெரியும். கடல், ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் மெரினாவில் கொண்டுபோய்க் காட்டுகிற சமாச்சாரம்.

வீட்டில் பதினான்கிலிருந்து பதினேழு வயதுக்குள் ஒரு பையன் இருந்தால், அடுத்த லீவுக்குக் கிழக்கே திரும்பிப் பாருங்கள். அதற்கு ஒரு அவசரமும் இருக்கிறது. இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, பையன் தன் கூட்டாளிகளோடு பைக் பின்னால் உட்கார்ந்து ஈ.சி.ஆர். போகத்தான் போகிறான். நீங்கள் போகாதே என்று சொன்னாலும் போவான். அதற்கு முன்னால் கடல் எப்படி இருக்கும் என்பதை அவனுக்குப் பக்கத்தில் நின்று காட்டுவதற்கு உங்களுக்கு மிச்சமிருக்கிற நாட்கள் கொஞ்சம்தான்.

"போயி என்னம்மா பண்றது?"

என் மகன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்ட கேள்வி இது. "ரெண்டு நாள் கடற்கரைப் பக்கம் போய்ட்டு வரலாமாடா?" என்றதற்குப் பதில். முட்டுக்காடு படகுக் குழாம், தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, ஐந்து ரதம் என்று அவன் அப்பா அடுக்க ஆரம்பித்ததும், "இதெல்லாம் ஸ்கூல்லயே எக்ஸ்கர்ஷன் கூட்டிட்டுப் போய்ட்டாங்கப்பா" என்று முடித்துவிட்டான்.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் குடும்பங்களில் விடுமுறை என்றால் இடம் பார்ப்பது. காலை ஆறு மணிக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று, மதியம் வெயிலில் இரண்டு. நடுவில் எல்லோரும் நிற்க ஒரு போட்டோ. பத்து வயது வரை பிள்ளைகள் இதற்கு உடன்படுவார்கள். அப்புறம் அந்த வண்டியில் உடம்பு மட்டும்தான் வரும். ஆகவே இந்த வயதுப் பையனோடு போகிற பயணத்துக்குத் திட்டம் என்பது பெரும்பாலும் அடிக்கிற வேலை: பட்டியல் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வர வேண்டும். ஒரே ஊர், இரண்டு ராத்திரி, வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள். ஒரு நாளைக்கு ஒரு காரியம். மிச்ச நேரம் சும்மா இருப்பது.

சும்மா இருப்பதில் முதலாவது தூக்கம். பையன் நடு ராத்திரி வரை முழித்துக்கொண்டு காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்றால் முழுப் பழியையும் போன் மேல் போட முடியாது. வளரிளம் பருவத்தில் உடம்புக்குள் இருக்கிற கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு அடையாளமான மெலடோனின், சின்னப் பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிட இரண்டு மணி நேரம் வரை தாமதமாகச் சுரக்கிறது. அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த விஷயம் இது. இப்படிப்பட்ட ஆய்வுகளை வைத்துத்தான் 2014இல் அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், இந்த வயதினருக்கான பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் ஆரம்பிக்கக் கூடாது என்று சொன்னது. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. நம் தெருவில் ஏழு மணிக்கு ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. டியூஷன் விட்டு வரும்போது ராத்திரி ஒன்பது. எஞ்சியதைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே கடற்கரை விடுதியில் முதல் நாள் காலை அவனை யாரும் எழுப்பக் கூடாது. சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிற பெற்றோர் தாங்களே போய்ப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பி வரலாம். அவனுக்கு வேறு ஒன்று இருக்கிறது. பௌர்ணமியை ஒட்டி நாள் பார்த்துப் போனால், நம் கரையில் சாயங்காலம் ஆறு, ஆறரைக்குக் கடலுக்குள்ளிருந்து நிலா எழும். பெரிதாக, செம்பு நிறத்தில். இதற்கு யாரும் அலாரம் வைக்க வேண்டாம். காலண்டரில் பௌர்ணமி பார்த்து ரூம் போடுகிறவர்கள் குறைவு. நான் இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

கோவளத்தில் ஒரு பலகை

தாம்பரத்திலிருந்து கடலுக்கு வழி பல. மேடவாக்கம், பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக அக்கரைக்குப் போய் ஈ.சி.ஆர். பிடிப்பது ஒன்று. போகிற வழியில், 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மிச்சசொச்சம் கண்ணில் படும். ட்ராஃபிக்கும் கண்ணில் படும். எனக்குப் பிடித்தது வண்டலூரில் திரும்பிக் கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் வழியாகக் கேளம்பாக்கம் போகிற ரோடு. கேளம்பாக்கத்தைத் தாண்டியதும் பக்கிங்ஹாம் கால்வாய், காயல், உப்பளம். ஜன்னலை இறக்கினால் உப்பு வாடை. அதற்கப்புறம் ஐந்து நிமிஷத்தில் கோவளம். மொத்தம் முப்பது கிலோமீட்டர் சுமார்.

கோவளத்தைப் பெரியவர்கள் தர்காவுக்காகவும் மாதா கோயிலுக்காகவும் அறிவார்கள். கர்நாடக நவாப் அன்வருதீன் கான் இங்கே ஒரு கோட்டை கட்டினார். அது பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1752இல் ராபர்ட் கிளைவ் பிடித்து இடித்துத் தள்ளினார். அந்த இடத்தில்தான் 1974இலிருந்து தாஜ் குழுமத்தின் ஐந்து நட்சத்திர விடுதி இருக்கிறது. 2021இல் தமிழ்நாட்டின் முதல் நீலக்கொடிக் கடற்கரை என்ற சான்றும் கோவளத்துக்குக் கிடைத்தது.

இதெல்லாம் பையனுக்கு வேண்டாம். அவனுக்கு வேண்டியது அந்த வளைந்த கரையில், பாறைகளை ஒட்டி உடைகிற அலை. கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன், உள்ளூர்ப் பசங்களுக்குச் சர்ஃபிங் சொல்லிக்கொடுப்பதற்காக 2012இல் ஒரு பள்ளி ஆரம்பித்தார். புகை கூடாது, குடி கூடாது, சர்ஃபிங் மட்டும்தான் என்பது அங்கே சட்டம். அடுத்த வருஷமே கோவளத்தில் சர்ஃபிங் திருவிழா தொடங்கியது. அப்பா வலை இழுத்த அலையில் மகன் பலகை ஏறினான். இன்றைக்கு இந்தியாவின் நல்ல சர்ஃபர்கள் பலர் கோவளம், மாமல்லபுரம் குப்பத்துப் பிள்ளைகள். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்தில் நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார், அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் இந்தியராக.

ஒரு சரித்திர வேடிக்கை. இதே அலைக்கு வெள்ளைக்காரக் கப்பல் கேப்டன்கள் நடுங்கினார்கள். துறைமுகம் இல்லாத காலத்தில் மெட்ராஸுக்கு வந்த கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அறைந்தால் படகு நெளிந்து கொடுக்கும், உடையாது. அந்தப் படகை ஓட்டத் தெரிந்தவர்கள் நம் மீனவர்கள் மட்டும்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தலைமுறை இப்போது அதே அலையில் நின்றுகொண்டு ஊர்க்காரர்களுக்கு வகுப்பு எடுக்கிறது.

வகுப்பு தண்ணீரில் ஆரம்பிப்பதில்லை. மணலில் பலகையைப் போட்டுக் குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள். ஆரம்பக்காரர்களுக்கு மேலே மெத்தென்று இருக்கிற நீளப் பலகை. கணுக்காலில் ஒரு பட்டை, அதிலிருந்து பலகைக்கு ஒரு கயிறு. கையால் துழாவுவது, மார்புக்குப் பக்கத்தில் உள்ளங்கையை ஊன்றுவது, ஒரே எம்பில் இரண்டு காலையும் உள்ளே கொண்டுவந்து குந்தி எழுவது. இதைத் திரும்பத் திரும்ப, முட்டி சிவக்கும் வரை. அப்புறம் இடுப்பளவுத் தண்ணீர். சொல்லிக்கொடுக்கிற பையனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. கடலைப் பார்த்துக்கொண்டே நின்று, வருகிற அலைகளில் நாலைந்தை விட்டுவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பலகையின் பின்பக்கத்தைத் தள்ளி "எழுந்திரு தம்பி!" என்று கத்துகிறான். என் மகன் எழுந்தான், விழுந்தான். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி, இருமி, என்னைத் திரும்பிப் பார்க்காமல் மறுபடி பலகையை இழுத்துக்கொண்டு உள்ளே போனான். வீட்டில் "சாப்பாடு போட்டாச்சு" என்று மூன்று தடவை கூப்பிட்டால்தான் எழுகிறவன், அந்தச் சின்ன வாத்தியார் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் "சரிண்ணா, சரிண்ணா" என்றான்.

காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால் கடல் தெளிவாக இருக்கும், அப்போதே வரச் சொன்னார்கள். மகன் எழுந்திருக்கவில்லை; மதிய வகுப்புக்குத்தான் போனான். போகட்டும். முன்கூட்டியே பேசி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள், நீச்சல் தெரியாது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஏரி, கிணறு இருந்த காலத்தில் அப்பாக்கள் கற்றுக்கொண்டார்கள். இப்போது கிணறு இருந்த இடத்தில் கார் நிற்கிறது.

அலை அடங்கித் தெரிகிற இடம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்கிற நேரம் உங்கள் பையனுக்கு இருந்தால், இதைப் படிக்கக் கொடுங்கள்.

சென்னையிலிருந்து தெற்கே நம் கரை, பார்க்க அகலமான மணலாக இருந்தாலும் சாதுவான கரை கிடையாது. பல இடங்களில் நாலு அடி எடுத்து வைத்ததும் தரை சட்டென்று இறங்கும். முட்டியளவு என்று நினைத்த இடத்தில் அடுத்த அலைக்குக் கழுத்தளவு. அதைவிட மோசமானது இழுப்பு. கரைக்கு வந்து மோதிய தண்ணீர் எல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். எங்கேயாவது ஒரு பள்ளத்தில் சேர்ந்து, ஓடை மாதிரி உள்ளே போகும். அந்த இடத்தில் தண்ணீர் ஆழம், அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்கிக்கொண்டிருக்க நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக, நுரையும் குப்பையும் உள்நோக்கிப் போவதாகத் தெரிந்தால் அதுதான். புதிதாக வருகிறவர்கள் "இங்க அலை கம்மியா இருக்குடா" என்று சரியாக அங்கேதான் இறங்குவார்கள்.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. ஒலிம்பிக் வீரனாலும் அந்த ஓட்டத்தை எதிர்த்து ஜெயிக்க முடியாது, களைத்துத்தான் போவான். மல்லாந்து மிதக்க வேண்டும், கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். அந்தப் பட்டை அகலம் குறைவானது. அதிலிருந்து விலகினால் அலையே கரைக்குத் தள்ளும். கரையில் நிற்கிறவன் நண்பனைக் காப்பாற்றுகிறேன் என்று குதிக்கக் கூடாது. பேப்பரில் வருகிற செய்திகளில் ஒருவன் மூழ்கினான் என்று ஆரம்பித்து மூன்று பேர் என்று முடிவதற்குக் காரணம் இதுதான். காலி கேன், ஃபுட்பால், ரப்பர் ட்யூப், மிதக்கிற எதையாவது வீசிவிட்டு, பக்கத்தில் இருக்கிற மீனவர்களைக் கூப்பிட வேண்டும்.

நீரோட்டத்தை நம் குப்பங்களில் 'வெள்ளம்' என்பார்கள். இன்றைக்கு வெள்ளம் எந்தப் பக்கம், எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்பது வலை பிரித்துக்கொண்டிருக்கிற பெரியவருக்குத் தெரியும். நேற்று நன்றாக இருந்த இடம் இன்று அப்படி இருக்காது. இறங்குவதற்கு முன்னால், "ஐயா, இங்க குளிக்கலாமா?" என்று கேட்பதற்குப் பையனைப் பழக்குங்கள். நீங்கள் கேட்காதீர்கள், அவன் கேட்கட்டும். பின்னால் அவன் கூட்டாளிகளோடு வரும்போது அந்தக் கேள்வி அவன் வாயில் இருக்க வேண்டும்.

வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கிற நாளிலும் கடல் பொங்கும். எங்கேயோ தொலைதூரத்தில் அடித்த புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து எழும். கேரளத்திலும் குமரியிலும் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். படித்தவர்கள், வளர்ந்தவர்கள். இந்த எச்சரிக்கைகளை ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் வெளியிடுகிறது. மழை வருமா என்று போனில் பார்க்கிற பையனுக்கு இதையும் பார்க்கத் தெரிய வேண்டும்.

மாமல்லபுரத்தில் என்ன மிச்சம்?

மாமல்லபுரத்தைப் பார்த்துவிட்டோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எக்ஸ்கர்ஷன் பஸ்ஸில் வந்து, வெண்ணெய்ப் பாறையைத் தள்ளுகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டவர்கள். அவர்களில் எத்தனை பேர் ஐந்து கிலோமீட்டர் வடக்கே சாளுவன்குப்பத்தில் இருக்கிற முருகன் கோயிலைப் பார்த்திருப்பார்கள்? 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி அங்கே மணலை வாரிக்கொண்டு போனதில் ஒரு பாறையில் கல்வெட்டு தெரிந்தது. அதில் ஒரு கோயிலைப் பற்றிய சேதி. அந்தக் கோயிலைத் தேடித் தொல்லியல் துறை 2005இல் தோண்டியது. மேலே பல்லவர் கால அடுக்கு, அதற்குக் கீழே இன்னும் பழைய செங்கல் கட்டடம். சங்க காலத்தது என்கிறார்கள். வடக்குப் பார்த்த கோயில். வாசலுக்கு எதிரே கல்லில் செய்த வேல். முன்பு ஒரு காலத்தில் கடல்தான் இதை மூடியிருக்க வேண்டும் என்பது அகழாய்வு செய்தவர்களின் ஊகம். ஒரு அலை மூடிய கோயிலை இன்னொரு அலை திறந்து காட்டிய கதையைக் கேட்டுக் கொட்டாவி விடுகிற பையனை நான் பார்த்ததில்லை. சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது சரித்திரப் பாடம். அன்றைக்கு நாம் எங்கே இருந்தோம் என்பதைச் சொல்லவும் இதுவே இடம். புலிக்குகையை ஒட்டித்தான் இருக்கிறது, அரை மணி நேரம் போதும். அன்றைய நாளுக்கான 'ஒரு காரியம்' முடிந்தது.

கடற்கரை விடுமுறை என்பதே இங்கிலீஷ்காரன் வழக்கம் என்று ஒரு நினைப்பு நமக்கு. அதே மாமல்லபுரக் கரையில் மாசிப் பௌர்ணமிக்குப் போய்ப் பாருங்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம் இருளர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வந்து, மணலில் கம்பு நட்டு, புடவையைச் சுற்றிக் குடில் கட்டித் தங்குகிறார்கள். சமையல், பாட்டு, தூக்கம் எல்லாம் கரையில். விடியற்காலை மணலில் படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். மொட்டை அடிக்கிறார்கள், பெண் பார்க்கிறார்கள், அங்கேயே தாலியும் கட்டுகிறார்கள். பாம்பு பிடிப்பதில் உலகப் பெயர் பெற்ற சமூகம் இது. வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இரண்டு நாள் கடலோரத்தில் குடும்பமாகச் சும்மா இருப்பதற்கு அவர்களிடம் யாரும் 'பிளானிங்' கேட்டதாகத் தெரியவில்லை. போனால் தள்ளி நின்று பாருங்கள். அவர்கள் கும்பிடுவது நம் ரீல்ஸுக்காக இல்லை.

ரூமே போடாமல் ஒரு ராத்திரியைக் கடலோடு கழிக்கவும் வழி இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகின்றன. 1988இலிருந்து மாணவர்கள் நடத்துகிற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, வார இறுதி ராத்திரிகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை பொதுமக்களையும் கூட்டிக்கொண்டு நடக்கிறது. ஏழு கிலோமீட்டர், விளக்கு இல்லாமல். ஆமை ஏறி வந்த தடத்தைப் பார்த்து, குச்சியால் மணலைக் குத்திக் குழியைக் கண்டுபிடித்து, நூற்றுச் சொச்சம் முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். 2025 தொடக்கத்தில் நம் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதையும் அந்தப் பிள்ளைகள்தான் முதலில் கணக்கெடுத்தவர்களில் இருந்தார்கள். நடு ராத்திரியில் முழித்திருப்பது ஒரு தகுதியாகிற இடம் இதைவிட வேறு எனக்குத் தெரியாது.

நாளும் காசும் மீனும்

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய வேண்டாம், வடகிழக்குப் பருவமழை. காணும் பொங்கலன்றும் புத்தாண்டு ராத்திரியும் கடலுக்குப் பக்கத்திலேயே போக முடியாது, போலீஸ் கயிறு கட்டியிருக்கும். மே மாதப் பகல் மணல் காலைப் பொசுக்கிவிடும். எஞ்சுவதில் பிப்ரவரி நல்லது, காலாண்டு விடுமுறை பரவாயில்லை. பத்தாம் வகுப்புப் பையனைப் பிப்ரவரியில் நகர்த்த முடியாது. ஆனால் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025–26இலிருந்து எடுத்துவிட்டார்கள்; அந்த வருஷத்துக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்திருக்கிறது. கோச்சிங் சென்டர்கள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் போய் வந்துவிடுங்கள்.

சனிக்கிழமை ராத்திரிக்கு ஈ.சி.ஆரில் எந்த ரூமும் விலை ஏறித்தான் இருக்கும். ஞாயிறு மதியம் போய்ச் செவ்வாய் திரும்பினால் பாதி ஊர் காலி, விலையும் இறங்கும். அதற்கு ஒரு குறை: முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். பட்டியலில்தான் அவை இல்லையே. மாமல்லபுரத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி கடலை ஒட்டியே, சவுக்கு நிழலோடு இருக்கிறது. பளபளப்பு எதிர்பார்க்காதவர்களுக்கு அது போதும். புராதனச் சின்னங்களுக்கு நுழைவுக் கட்டணம் நாற்பது ரூபாய், பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம்.

சாப்பாட்டுக் காசை மொத்தமாகப் பையன் கையில் கொடுத்துவிடுங்கள். இது என் வீட்டில் நடந்தது. முதல் வேளை கண்ணை மூடிக்கொண்டு செலவழித்தான். இரண்டாம் வேளை மெனு கார்டின் வலது பக்கத்தை முதலில் படித்தான். "அம்மா, மத்தியானம் எல்லாருக்கும் மீல்ஸ். நைட்டு வஞ்சரம் ஒண்ணு வாங்கிப் பகிர்ந்துக்கலாம். அப்பா, நீங்க ரெண்டாவது காபி கேக்காதீங்க." அவன் அப்பா கேட்கவில்லை. அலுவலகத்து வாட்ஸப்பைப் பார்க்காமல் இருக்க மட்டும் அவரால் முடியவில்லை. போனைக் கீழே வை என்று அந்த இரண்டு நாளில் அதிகம் சொன்னது மகன்தான்.

கோடையில் போனால் இன்னொன்று ஞாபகம் இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, வஞ்சரம், வவ்வால் விலை கேட்டால் மயக்கம் வரும். கோவளம் மாதிரியான குப்பங்களில் ஃபைபர் படகுகள் போய் வரும். காலையில் கரையில் ஏலம் விடுகிற சங்கரா, நெத்திலி, நண்டைப் பார்த்து வாங்கினால், கூலி கொடுத்து வறுத்துத் தரப் பக்கத்தில் யாராவது இருப்பார்கள். ஏலம் விடுகிற அக்காக்களிடம் பையன் பேரம் பேசிப் பார்க்கட்டும். ஒரு செமஸ்டர் கணக்குப் பாடம் அங்கே ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

திரும்புகிற வழி. ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஈ.சி.ஆரில் வடக்கே வருவது என்றால் அக்கரை வரை ஊர்ந்துதான் வர வேண்டும். கேளம்பாக்கத்தில் உள்ளே திரும்பி வண்டலூர் வழியாக வந்துவிடுங்கள். பையனுக்குப் பதினாறு ஆகிவிட்டதென்றால் இன்னொரு யோசனை. மாமல்லபுரத்திலிருந்து தாம்பரத்துக்கு 515 இருக்கிறது. திருப்போரூர், கேளம்பாக்கம், வண்டலூர் வழி. அவனைத் தனியாக அதில் ஏற்றிவிட்டு நீங்கள் பின்னால் வாருங்கள். டிக்கெட் சில்லறை அவன் பாக்கெட்டில் இருக்கும், மிச்சக் காசும் அவனிடம்தானே இருக்கிறது. வீட்டுச் சாவியையும் கொடுத்து அனுப்புங்கள். எப்படியும் உங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து தூங்கியிருப்பான். காலிங் பெல்லை நாலு தடவையாவது அடிக்க வேண்டியிருக்கும்.